மடிக்கணினி வாங்கும் சங்கம்: எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சொல்லி நெய்வது என்பது நம் நெசவாள அங்கத்தினர்களுக்குப் பழகிய விஷயம். சேலைக்கு ஆர்டர் கொடுக்க வருபவர் கரையின் அகலம் எவ்வளவு, முந்தியில் என்ன வேலைப்பாடு, சரிகை எத்தனை, உடலில் புட்டா வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கிரயம் உண்டு. கேட்டதையெல்லாம் சேர்த்துவிட்டால் சேலை சிறந்துவிடும் என்பதில்லை. சரிகை மிகுந்து, தூக்கிக் கட்டவே இயலாமல் பெட்டியில் கிடக்கும் சேலைகளும் உண்டு.

மடிக்கணினியும் இன்று இவ்வாறே சொல்லி வாங்கும் பொருளாகிவிட்டது. உற்பத்தியாளர் ஓர் அடிப்படைக் கருவியைக் காட்டி அதற்கு ஒரு விலை சொல்கிறார். பிறகு, கூடுதல் நினைவகம், பெரிய சேமிப்பகம், உயர்ந்த திரை, பெரிய பாட்டரி, கைரேகைக் கருவி, நீண்ட உத்தரவாதம் என்று ஒரு பட்டியலை நம் முன் நீட்டுகிறார். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு தொகை இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறு தொகைகளே. ஆனால் கூட்டிப் பார்த்தால் சில சமயம் இன்னொரு கருவியையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

கூட்டுறவுச் சங்கங்களில் கணினியின் உபயோகம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. நாடு முழுவதிலும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் சேராத நெசவாளர் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் தம் சொந்த நிதியிலிருந்தே கருவி வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிதி அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுப்பணம். வேண்டாத அலங்காரத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் நூல் வாங்கவோ உரம் வாங்கவோ உதவியிருக்க வேண்டிய ரூபாய். மறுபுறம், தவறான இடத்தில் சிக்கனம் செய்து, கூலிப் பட்டுவாடா நாளன்று கருவி நின்றுபோனால் நெசவாளர் வெறுங்கையுடன் வீடு திரும்புவார். ஆகவே இத்தேர்வு காரியதரிசியின் தனி விஷயமன்று. அங்கத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

முதல் விதி

தறி பூட்டும்போது அதன் அகலத்தை யோசித்தே முடிவு செய்கிறோம். சட்டம் நாட்டியபின் அகலத்தைக் கூட்ட இயலாது. நாடாவையோ எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கிணறு வெட்டும் விவசாயியும் அப்படியே. கிணற்றின் விட்டத்தை முதலிலேயே தாராளமாக வைக்கிறார். சுற்றிலும் கல் கட்டிய பிறகு அகலப்படுத்துவது எளிதன்று. மோட்டாரை இன்று சிறியதாக வைத்து, வசதி வந்தபின் பெரியதாக மாற்றுவார்.

மடிக்கணினிக்கும் இதுவே விதி. பின்னர் மாற்ற முடியாததை இன்றே போதிய அளவில் வாங்குக. பின்னர் சேர்க்கக்கூடியதைத் தேவை வரும்வரை விட்டுவைக்க. விற்பனைப் பட்டியலில் இவ்விருவகையும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்தறிவதே வாங்குபவரின் முதல் வேலை.

இதனுடன் ஒரு சிறு கணக்கையும் சேர்த்துக்கொள்வோம். ஓர் உறுப்புக்குக் கூடுதலாக ரூ. 6,000 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஐந்து ஆண்டுகள் உழைக்குமானால் அது 60 மாதம், மாதத்துக்கு ரூ. 100 ஆகிறது. "இந்த வசதிக்காகச் சங்கம் மாதந்தோறும் ரூ. 100 செலவிடலாமா?" என்று பேரவையில் எழுந்து கேட்கத் துணிவு இருந்தால் அதை வாங்கலாம். கேட்கக் கூச்சமாயிருந்தால் விட்டுவிடலாம்.

பின்னர் மாற்ற முடியாதவை

முதலாவது செயலி. கணினியின் மூளை போன்ற இவ்வுறுப்பு இன்றைய மடிக்கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே வருகிறது. கணக்கெழுதுதல், கடிதம், இணையம், பட்டியல் தயாரித்தல் ஆகிய அலுவலக வேலைகளுக்கு இன்டெல் நிறுவனத்தின் கோர் 5 வரிசையோ, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 வரிசையோ தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்ட படிகளுக்குக் கொடுக்கும் பணம் சங்க வேலையில் திரும்பி வருவதில்லை. பெயரில் உள்ள எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. பழைய தலைமுறையைச் சேர்ந்த 7ஆம் வரிசைச் செயலியைவிடப் புதிய தலைமுறையின் 5ஆம் வரிசைச் செயலி விரைவாக இயங்குவதுண்டு. ஆகவே வரிசையோடு தலைமுறையையும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது நினைவகம். கணினி வேலை செய்துகொண்டிருக்கையில் காகிதங்களைப் பரப்பி வைக்கும் மேஜை போன்றது இது. மேஜை சிறியதானால் ஒன்றை எடுத்துவைத்துத்தான் மற்றொன்றை விரிக்க வேண்டும், வேலை தாமதப்படும். இதில்தான் வாங்குபவர் பெரிதும் ஏமாறுகிறார். சில கருவிகளில் நினைவகம் தனிப் பலகையாகத் துளையில் செருகப்பட்டிருக்கும், பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய கருவிகள் பலவற்றிலோ அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே வாங்கிய நாளன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவே. ஆப்பிள் நிறுவனத்தின் இன்றைய மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட வழியே இல்லை. அந்நிறுவனமே 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மேக்புக் ஏர் கருவியின் தொடக்க நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. எட்டு இனிப் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நினைவகத் துளைகள் எத்தனை? அவற்றில் காலியாக இருப்பவை எத்தனை? அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்? துளை இல்லை என்ற பதில் வந்தால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்கலாகாது. துளை உண்டென்றால் ஒரே பலகையாக வாங்கி மற்றொரு துளையைக் காலியாக வைத்துக்கொள்வது நல்லது. இரு பலகைகள் சேர்ந்து இயங்கும்போது வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆயினும் கணக்கு வேலையில் அவ்வேற்றுமை பெரிதாகத் தோன்றாது.

மூன்றாவது திரை. கணக்கர் நாள் முழுதும் கண் வைத்துப் பார்ப்பது இதைத்தான். 1366க்கு 768 என்ற பழைய அளவுத் திரையில் பேரேட்டின் எல்லாப் பத்திகளும் ஒரே பார்வையில் அடங்குவது கடினம். 1920க்கு 1080 இருத்தல் வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையே நன்று. நெசவாளர் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த திரைகளின் விவரத்தில் "45 விழுக்காடு என்.டி.எஸ்.சி." என்று காணப்படும். அத்தகைய திரை நிறங்களின் முழு வீச்சைக் காட்டாது. அரக்கும் குங்குமச் சிவப்பும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியலாம். சேலை வடிவங்களைக் கணினியில் வரைந்து நிறம் தேர்ந்தெடுக்கும் சங்கம் "100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி." என்று குறித்த திரைக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. கணக்கு மட்டும் எழுதும் சங்கத்துக்கு அச்செலவு அவசியமன்று. வயல்வெளியில் எடுத்துச் சென்று உபயோகிக்கும் விவசாயச் சங்கமோ நிறத்தைவிடத் திரையின் ஒளியளவைக் கேட்க வேண்டும். 250 நிட்ஸ் ஒளியுள்ள திரையை வெளிச்சத்தில் படிப்பது கடினம்.

நான்காவது போர்ட்டுகள், அதாவது பிற கருவிகளை இணைக்கும் வாய்கள். மெல்லிய கருவிகளில் இவை குறைந்துகொண்டே வருகின்றன. டெண்டருக்கும் வரி அறிக்கைக்கும் மின் கையொப்பமிட உதவும் சிறு டோக்கன் பெரும்பாலும் பழைய வகை யு.எஸ்.பி. வாயில் செருகுவது. பிரிண்டர், தராசு, பில் இயந்திரம் முதலியனவும் அவ்வாறே. பழைய வகை யு.எஸ்.பி. வாய் இரண்டாவது இருக்கிறதா, பேரவையில் வரவு செலவைப் பெரிய திரையில் காட்ட எச்.டி.எம்.ஐ. வாய் உண்டா, கம்பி வழி இணையத்துக்கு இடமுண்டா என்று பார்க்க வேண்டும். இல்லாத வாய்களை வெளியிலிருந்து ஒரு ஹப் வாங்கிச் சேர்க்கலாம் என்பது மெய்யே. ஆனால் தனியே தொங்கும் பொருள் தொலைந்துபோகும் பொருள் என்பதை நினைவில் வைக்க.

பின்னர் சேர்க்கக்கூடியவை

சேமிப்பகம் இவ்வகையில் முதலாவது. இன்றைய எஸ்.எஸ்.டி. ஒரு சிறு பலகை. பெரும்பாலான கருவிகளில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம். சங்கத்தின் பல ஆண்டுக் கணக்குகள் பிடிக்கும் இடம் மிகச் சிறியது. 512 ஜிபி பெரும்பாலான சங்கங்களுக்கு ஐந்தாண்டு தாங்கும். ஒரு டெராபைட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் வெளியே இணைக்கும் டிஸ்க் இரண்டை வாங்கி, வாரந்தோறும் கணக்கைப் பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறு கட்டடத்திலும் வைப்பது மேலானது. பெரிய சேமிப்பகம் கணக்கைக் காப்பதில்லை, பிரதியே காக்கும். எனினும் சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்ட கருவிகள் சில உண்டு. அவற்றை வாங்குவதானால் இதையும் மாற்ற முடியாதவற்றின் வரிசையில் சேர்த்தெண்ண வேண்டும்.

இயங்குதளம் அடுத்தது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை வாங்கிவிட்டுப் பின்னர் பணம் செலுத்தி ப்ரோ பதிப்பாக உயர்த்திக்கொள்ளலாம். கருவியைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒரு கணினி, இரண்டு கணினி உள்ள சிறு சங்கத்துக்குத் தொடக்கத்தில் ஹோம் போதும். விண்டோஸ் இல்லாமல் லினக்ஸுடன் கிடைக்கும் கருவியின் விலை குறைவு. ஆனால் நம் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உதாரணமாக, டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. பழைய இருப்பாக விண்டோஸ் 10 உள்ள கருவியை மலிவாகத் தருவதாகச் சொன்னால், அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்க. கடிதமும் பட்டியலும் எழுத லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

மௌஸ், பை, வெளித்திரை, ஹெட்போன் முதலியவற்றை உற்பத்தியாளரின் பட்டியலிலேயே சேர்த்து வாங்க வேண்டுவதில்லை. இவை உள்ளூர்க் கடையில் கிடைக்கும்; விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுதுவதற்கென்று தனி விசைப்பலகையும் வேண்டாம். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறையைச் சாதாரண விசைப்பலகையிலேயே தட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னர் வாங்கினால் விலை குறைந்திருக்கும் என்பது எப்போதும் பலிப்பதன்று. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினி நிலையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டதே அதற்குக் காரணம். நெல்லைப் போலவும் நூலைப் போலவும் இதற்கும் ஏற்ற இறக்கம் உண்டு. ஆதலின் ஆறு மாதத்துக்குள் நிச்சயம் தேவைப்படும் என்று தெரிந்ததை இன்றே வாங்குக. தேவைப்படலாம் என்று தோன்றுவதை மட்டும் ஒத்திவைக்க.

ஓர் உதாரணம்

மாற்றக்கூடியது, மாற்ற முடியாதது என்ற இப்பிரிவினையையே தொழிலாகக் கொண்ட ஓர் அமெரிக்க நிறுவனம் உண்டு. ஃப்ரேம்வொர்க் என்பது அதன் பெயர். 2021ஆம் ஆண்டு தன் முதல் மடிக்கணினியை வெளியிட்டது. அதில் நினைவகமும் சேமிப்பகமும் செருகும் பலகைகள். பாட்டரி, திரை, விசைப்பலகை ஆகியவற்றை வாங்கியவரே திருப்புளி கொண்டு மாற்றலாம். பக்கங்களில் உள்ள நான்கு அறைகளில் யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. முதலிய வாய்களில் வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். நினைவகம், சேமிப்பகம், இயங்குதளம் எதுவுமின்றி வெறும் கருவியாக வாங்கி, அவற்றை வெளியில் வாங்கிப் பொருத்தவும் வழி உண்டு. செயலி பற்றவைத்த தாய்ப்பலகையைக்கூட முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம்.

இக்கருவியையே வாங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. முதலில் குறைத்து வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ள இடம்தரும் அமைப்புக்கே ஒரு மதிப்பு உண்டு என்பதை உணர்த்தவே இதைச் சொன்னோம். இரண்டு கருவிகள் ஏறத்தாழ ஒரே விலையில் இருந்தால், மெலிந்ததும் மூடியதுமான கருவியைவிட, சற்றுத் தடித்தாலும் திறந்து பழுது பார்க்கக்கூடிய கருவியே சங்கத்துக்கு ஏற்றது.

பெரும்பாலும் வேண்டாதவை

தனிக் கிராஃபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கும் முப்பரிமாணப் படத்துக்கும் உரியது. கணக்கெழுதும் கருவிக்கு அது வெப்பத்தையும் மின்செலவையும் கூட்டுமேயன்றி வேறு பயன் தராது. சேலை வடிவமைப்பு மென்பொருள் வைத்திருக்கும் சங்கம், அம்மென்பொருளின் தேவைப் பட்டியலைப் பார்த்த பின்னரே இதை முடிவு செய்ய வேண்டும். தொடுதிரையும் அநேகமாக அவசியமில்லை.

கைரேகைக் கருவியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. மடிக்கணினியோடு வரும் கைரேகைக் கருவி, உரியவர் மட்டும் கணினியைத் திறப்பதற்கானது. அதைக் கொண்டு அங்கத்தினரின் ஆதார் சரிபார்ப்பைச் செய்ய இயலாது. அதற்கு ஆதார் ஆணையம் அங்கீகரித்துப் பதிவு செய்த தனிக் கருவி வேண்டும். ஆதாருக்கு உதவும் என்று நம்பி இதற்குப் பணம் கொடுத்தல் வீண்.

பாட்டரியின் அளவு சங்கத்துக்குச் சங்கம் மாறும். மேஜையை விட்டு நகராத கருவிக்குச் சிறிய பாட்டரி போதும். கிராமம் கிராமமாகச் சென்று கொள்முதல் எழுதும் கருவிக்குப் பெரியது வேண்டும். சில மாதிரிகளில் பெரிய பாட்டரி வைத்தால் இரண்டாவது சேமிப்பகத்துக்கு இடமிராது. ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்று குறைகிறதா என்று கேட்டறிவது நலம்.

உத்தரவாதம்

பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் இருப்பதாலேயே பலர் கவனியாமல் விடுவது உத்தரவாதம். வழக்கமாகத் தருவது ஓராண்டு. மூன்றாண்டாக நீட்டிக்கத் தனித்தொகை கேட்பார்கள். நகரத்தில் இருப்பவருக்கு இது தேவையா என்பது யோசனைக்குரியது. பழுதுபார்க்கும் நிலையம் பல மைல் தொலைவில் உள்ள சங்கத்துக்கோ, ஆளே நேரில் வந்து சரிசெய்யும் வகை உத்தரவாதம் மற்ற எந்த அலங்காரத்தையும்விட மேலானது. கருவியைத் தூக்கிக்கொண்டு நகரம் சென்று, வாரக்கணக்கில் காத்திருந்தால் சங்கத்தின் வேலை அதுவரை காத்திருக்குமா? மூன்றாண்டு உத்தரவாதத்திலும் பாட்டரிக்கு ஓராண்டு மட்டுமே இருக்கக்கூடும். கீழே விழுவதும் தண்ணீர் சிந்துவதும் தனிக் காப்பில் அடங்கலாம். இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குக.

தீர்மானம் எழுதும் முறை

நிர்வாகக் குழு முதலில் வேலைகளைப் பட்டியலிட வேண்டும்; உறுப்புகளை அதன் பிறகே பார்க்க வேண்டும். எந்தெந்த வேலை, யார் செய்வது, எங்கே செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரில் "இன்றே", "பின்னர்", "வேண்டாம்" என்ற மூன்றில் ஒன்றையும் அதன் காரணத்தையும் குறிக்க வேண்டும். இத்தாளோடு குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெறுக. மூவரிடமும் ஒரே விவரத்துக்கே விலை கேட்க வேண்டும். இல்லையேல் ஒப்பிடுதல் இயலாது. 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பதையும் தெளிவு செய்துகொள்க. அரசு மின் சந்தையில் கூட்டுறவுச் சங்கங்களும் பொருள் வாங்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை இசைவளித்துள்ளது. அங்குள்ள விலையையும் பார்ப்பது நன்று.

கருவி வந்து சேர்ந்ததும், கேட்ட நினைவகமும் சேமிப்பகமும் உள்ளே இருக்கின்றனவா என்று கணினியின் அமைப்புப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே ரசீதில் கையொப்பமிட வேண்டும். காரணங்கள் எழுதிய தாளைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். தணிக்கையாளருக்கு அது விடை. ஐந்தாண்டு கழித்து அடுத்த கருவி வாங்கும் குழுவுக்கு அதுவே பாடம். எந்த எண்ணம் பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அவர்கள் அதிலிருந்து அறிவார்கள்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் கணினி ஒருநாள் நின்றால் எந்த வேலை முதலில் தடைப்படும்?

2. இப்போதுள்ள கருவியில் நினைவகத்தைக் கூட்ட முடியுமா? முடியுமானால் புதிய கருவி வாங்குவது அவசியமா?

3. நம் கணக்கின் கடைசிப் பிரதி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? அது எங்கே இருக்கிறது?

4. நம் ஊருக்கு மிக அருகில் பழுதுபார்க்கும் நிலையம் உள்ள உற்பத்தியாளர் யார்?

5. பட்டியலில் நாம் விரும்பும் ஓர் உறுப்பின் விலையை 60 ஆல் வகுத்துச் சொல்லுங்கள். மாதந்தோறும் அத்தொகையைக் கொடுக்க அங்கத்தினர் சம்மதிப்பார்களா?

கடைசி வினாவுக்குக் கூட்டத்தில் தயக்கமின்றி "ஆம்" என்ற பதில் எழுமானால், அந்த உறுப்பைச் சேர்த்தே ஆர்டர் கொடுக்கலாம்.